ஏழு நாற்பது பஸ்ஸுக்கு ஒரு பிளகின்

ஆல்ட்ரேஷன் அக்காவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். தையல் மிஷினின் மிதியை நிறுத்திவிடுவாள். காலையிலிருந்து கடகடவென்று ஓடிய சத்தம் பொசுக்கென்று நின்றால், "எவனோ மாட்டிக்கிட்டான்" என்று எதிர்வீட்டு பிளம்பர் தன் பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டுவார். அந்த 'எவனோ' தான்தானோ என்ற சந்தேகம் அவருக்கு எப்போதும் உண்டு.

அக்கா படித்தது ஒன்பதாம் வகுப்பு வரை. அவள் பள்ளிக்கூடத்தை விட்டாளா, பள்ளிக்கூடம் அவளை விட்டதா என்பதில் இன்றுவரை இரண்டு தரப்புக்கும் ஒத்த கருத்து இல்லை. ஒரு கணக்குக்கு அவள் சரியான விடை எழுதியிருந்தாள். வாத்தியார் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டார். "விடை சரிதானே சார்?" என்று கேட்டாள். "விடை சரி. வழி புத்தகத்துல இல்லை" என்றார். அந்தச் சிவப்புக் கோட்டை அக்கா முப்பது வருடமாக மன்னிக்கவில்லை. இப்போதும் யாராவது "அது முறை இல்லை" என்றால் அவள் மூக்கு நுனி சிவக்கும்.

தொழில், பழைய துணியைப் பிரித்துத் தைப்பது. புதுத்துணி தொட மாட்டாள். பெருத்தவருக்கு விரித்துக் கொடுப்பாள், இளைத்தவருக்குப் பிடித்துக் கொடுப்பாள், இளைக்கப் போவதாகச் சொல்பவருக்கு "இளைச்சிட்டு வாங்க" என்பாள். இதற்கு நடுவில் ஒரு ரகசிய வேலையும் உண்டு. நாற்பத்திரண்டு அளவு கவுனின் லேபிளைப் பிரித்து எடுத்துவிட்டு, முப்பத்தாறு என்ற லேபிளை வைத்துத் தைத்துக் கொடுப்பது. வங்கியில் பெரிய பதவியில் இருக்கும் அம்மாள் ஒருவர் இதற்காகவே பக்கத்துத் தெருவிலிருந்து முகத்தை மூடிக்கொண்டு வருவார். மிஷின் பெட்டிக்குள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய விதவிதமான லேபிள்கள் கிடக்கும். "இந்த ஊர்ல பாதிப் பேரோட இடுப்பு என் டப்பாலதான் இருக்கு" என்பாள்.

கணவர் லாரி ஓட்டுபவர். வீட்டில் இருக்கும் நாட்களை விரல்விட்டு எண்ணலாம், சில மாதங்களில் விரல் மிச்சமாகும். வீட்டில் எப்போதும் இருப்பது அக்காவும் அவளுடைய அண்ணனும்தான். அண்ணனைத் தெருவில் 'கடிகாரம்' என்பார்கள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப் போயிற்று. வலது கக்கத்தில் ஊன்றுகோலை வைத்துக்கொண்டு, வீட்டு வாசலிலிருந்து நாற்பத்தோரு அடியில் இருக்கும் நிறுத்தத்தில் ஏழு நாற்பது பஸ்ஸை இருபத்திரண்டு வருடமாகப் பிடிக்கிறார். பஸ் தாமதமாகியிருக்கிறது, அவர் தாமதமானதில்லை. மருத்துவமனையில் விசாரணை ஜன்னல் அவருடையது. "எக்ஸ்ரேயா? மூணாவது மாடி, படி ஏறினதும் இடது பக்கம், பச்சைக் கதவு" என்று பார்க்காமலே சொல்வார். அந்தப் படிகளில் ஒன்றில்கூட அவர் ஏறியதில்லை.

அந்த நிறுத்தத்தைத்தான் எடுக்கப் போகிறோம் என்று கம்பத்தில் ஒரு நாள் தாள் ஒட்டினார்கள். போக்குவரத்துச் சீரமைப்பாம். புது நிறுத்தம் அறுநூறு மீட்டர் தள்ளி, ஏற்றத்துக்கு அந்தப் பக்கம். ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் தெரிவிக்கலாம் என்று கடைசி வரியில், எறும்பு படித்தால் மட்டும் புரியும் அளவில் எழுதியிருந்தது.

"விடு, நடந்துக்கறேன். உடம்புக்கும் நல்லது" என்றார் அண்ணன்.

அவர் அப்படிச் சொன்னதால் அக்காவும் விட்டுவிட்டாள். இருபத்தெட்டாம் நாள் வரை விட்டிருந்தாள். அன்று அவர் சட்டைகளைத் துவைக்க எடுத்தபோது கை நின்றது. ஊன்றுகோல் உரசும் இடம் என்பதால் அவருடைய எல்லாச் சட்டைக்கும் வலது கக்கத்தில் உள்பக்கமாக இரட்டைத் துணி வைத்துத் தைத்திருப்பாள். ஒரு தையல் எட்டு மாதம் தாங்கும். இது போட்டு நான்கு வாரம்தான் ஆகியிருந்தது. இரண்டு துணியும் நைந்து, விரல் அந்தப் பக்கம் வந்தது. கிழிசலின் ஓரத்தில் துருப்பிடித்த மாதிரி ஒரு கறை. மோந்து பார்த்தாள். ரத்தம்.

எதிர்வீட்டு பிளம்பரைப் பிடித்துக் கேட்டாள். அவர் நெளிந்தார். "காலையில அஞ்சரைக்கே பாக்கறேன்மா. மேட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வராரு. பழகறாராம். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

"சத்தியத்தை இப்ப ஒடச்சிட்டீங்களே."

"நீ மிதியை நிறுத்திட்டியேம்மா. நான் என்ன பண்ணுவேன்?"

அண்ணனிடம் அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு நாள் கையில் இருந்தது. முதல் நாள் எழுதினாள், கிழித்தாள், எழுதினாள். முப்பதாம் நாள் காலை பத்தரைக்கு ஆட்சேபணைக் கடிதத்தோடு போக்குவரத்து அலுவலகத்தில் போய் நின்றாள்.

கவுன்டரில் அவளுக்கு முன்னால் பத்துப் பேர். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, கறுப்புக் கண்ணாடி போட்ட பார்வையில்லாத ஊதுபத்தி வியாபாரி ஒருவர், முழங்கால் கட்டோடு ஒரு பெரியவர். எல்லார் கையிலும் தாள். எல்லாரையும் ஒரே வாக்கியத்தில் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார் எழுத்தர்.

"ஆன்லைன்ல மட்டும்தான் வாங்குவோம்."

"இந்தா கையிலயே கொண்டு வந்திருக்கேனே" என்றாள் அக்கா.

"நீங்கதான் எழுதினீங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? இணையதளத்துல கையெழுத்து பிளகின் போட்டு அனுப்புங்க."

"நானே எதிர்ல நிக்கறேன் சார். இதுக்கு மேல அத்தாட்சி வேணும்னா கிள்ளிப் பாருங்க."

கிள்ளவில்லை. மாறாக ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார். பிளகின் என்பது பிரவுசருக்குள் செருகிக்கொள்ளும் ஒரு சின்ன நிரல், அனுப்புகிறவர் இன்னார்தான் என்று அது சாட்சி சொல்லும் என்று அதில் போட்டிருந்தது. பொதுக் கணினி கூடாது, சொந்தக் கணினியாக இருக்க வேண்டும், இன்று மாலை ஐந்து மணி கடைசி என்றும் போட்டிருந்தது.

சொந்தக் கணினி அக்காவிடம் இருந்தது. அதற்கும் ஒரு கதை. கணவரின் தம்பி ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் லேப் உதவியாளர். பள்ளியில் 'இனி ஓடாது' என்று தள்ளிய பெட்டி ஒன்றைத் தூக்கி வந்து, காசில்லாமல் கிடைக்கும் திறந்த மூல சிஸ்டம் ஒன்றை அதில் போட்டுக் கொடுத்திருந்தார். திரையைப் போட்டதும் ஒரு பென்குயின் வந்து நிற்கும். "இதை யார் வேணாலும் பிரிச்சுப் பாக்கலாம் அண்ணி, திருத்தலாம், மறுபடி கோத்துக்கலாம்" என்று அவர் சொன்ன அன்றே அக்காவுக்கு அது பிடித்துப்போயிற்று. பிரித்துப் பார்க்கவிடுகிறவன் நம் தொழில்காரன்தானே.

ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்து இணையதளத்தைத் திறந்தாள். பிளகினை இறக்கிக்கொள்ள இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஊரில் எல்லாரும் வைத்திருக்கும் சிஸ்டத்துக்கு ஒன்று, ஊரில் பணக்காரர்கள் வைத்திருக்கும் சிஸ்டத்துக்கு ஒன்று. பென்குயினுக்கு ஒன்றும் இல்லை. முனைக்கடை கம்ப்யூட்டர்காரருக்கு போன் போட்டாள். அவர் சிரித்தார்.

"பென்குயினா? அதெல்லாம் வேலைக்காவாது அக்கா. பெட்டியைக் கொண்டாங்க. மொத்தமாத் தொடச்சிட்டு வேற போட்டுத் தரேன். மூணு நாள் ஆவும்."

"எனக்கு நாலு மணி நேரம்தான் இருக்கு."

"அப்ப அடுத்த தடவை பாத்துக்கலாம்."

"அடுத்த தடவைன்னா? அடுத்த பஸ் ஸ்டாப்பை எடுக்கறப்பவா?" என்று போனை வைத்தாள். மிஷின் பக்கம் திரும்பி மிதியை நிறுத்தலாம் என்று பார்த்தால், அது காலையிலிருந்தே நின்றுதான் இருந்தது.

கொழுந்தனாருக்குச் சாப்பாட்டு இடைவேளை ஒன்றேகாலுக்கு. வாயில் கவளத்தோடு பேசினார்.

"அண்ணி, உதவிப் பக்கத்துக்குப் போங்க. கீழ, இன்னும் கீழ. சாம்பல் கலர்ல பொடி எழுத்து தெரியுதா?"

தெரிந்தது. மற்ற சிஸ்டங்களுக்கான கோப்பு என்று இருந்தது.

"வெச்சிருக்காங்க பாரேன்! வெச்சிக்கிட்டு பொத்தான் குடுக்கல. விருந்தாளியைப் பின்வாசல்ல வரச் சொல்ற மாதிரி" என்றாள் அக்கா.

"இறக்கிட்டீங்களா? இப்ப டெர்மினல் தொறங்க. கறுப்பா ஒரு ஜன்னல் வரும். நான் சொல்ற வரியை அப்படியே அடிங்க. பாஸ்வேர்ட் கேக்கும், அதையும் அடிச்சிட்டு என்டர் தட்டுங்க... ஐயோ, மணி அடிச்சிடுச்சி அண்ணி. மூணு மணிக்குக் கூப்பிடறேன்."

வரியை அடித்தாள். பாஸ்வேர்ட் கேட்டது. அக்காவின் பாஸ்வேர்டை வெளியே சொல்வது நியாயமில்லை. அதில் ஏழும் நாலும் சைபரும் உண்டு என்பதோடு நிறுத்திக்கொள்வோம். ஏழு தட்டினாள். திரையில் ஒன்றும் விழவில்லை. நாலு தட்டினாள். ஒரு புள்ளிகூட இல்லை. அழுத்தித் தட்டினாள், விட்டு விட்டுத் தட்டினாள், தலையில் குட்டுவது போலத் தட்டினாள். சத்தம் வந்தது, எழுத்து வரவில்லை.

கீபோர்டு இறுகிவிட்டது. அப்படித்தான் அக்கா நினைத்தாள். தையல்காரிக்கு இந்த விஷயத்தில் முதல் பாடம் ஒன்றே ஒன்று: ஓடாத மிஷினுக்கு எண்ணெய் போடு. கூர்மூக்கு டப்பாவை எடுத்து, ஒரு பட்டனுக்கு ஒரு சொட்டு என்று நூற்றுச் சொச்சம் பட்டனுக்கும் போட்டாள். வெட்டுத்துணியால் ஒற்றி எடுத்தாள். மின்விசிறிக்குக் கீழே வைத்து, எண்ணெய் இறங்க அரை மணி நேரம் காத்திருந்தாள். மறுபடி தட்டினாள். இப்போது பட்டன்கள் வழுக்கிக்கொண்டு போயின. எழுத்து மட்டும் வரவில்லை.

மூன்று மணிக்கு போன் அடித்தது.

"அண்ணி, ஆச்சா?"

"ஒண்ணும் விழல. கீபோர்டு செத்துப்போச்சு. எண்ணெய் போட்டும் எழுந்திரிக்கல."



"எதுக்கு எண்ணெய் போட்டீங்க?"

"கீபோர்டுக்கு."

"எந்த எண்ணெய் அண்ணி?"

"மிஷின் எண்ணெய்தான். சமையல் எண்ணெயா ஊத்துவேன்? நான் என்ன பைத்தியமா?"

"அண்ணி..." கொழுந்தனார் சிரிப்பை அடக்கியதில் குரல் கிணற்றுக்குள் போய்விட்டு வந்தது. "அந்த ஜன்னல்ல பாஸ்வேர்ட் அடிச்சா ஒண்ணும் தெரியாது. பின்னால நிக்கறவங்க எத்தனை எழுத்துன்னுகூட எண்ணிடக் கூடாதுன்னு அப்படி. அதான் வழக்கம்."

"எவன் வெச்ச வழக்கம்? என் பின்னால இங்க எவன் நிக்கறான்? 'தெரியாது, பயப்படாம அடி'ன்னு ஒரு வரி எழுதி வெச்சா கை ஒடிஞ்சா போயிடும்? ஒரு மணி நேரம் போச்சே! ஒத்தப் பட்டனுக்கு ஒத்த சொட்டுன்னு..."

"கோவத்தை வெச்சிக்கிட்டே அடிங்க அண்ணி."

அடித்தாள். எண்ணெய் வழுக்கியதில் இரண்டு தடவை தவறியது. மூன்றாவது தடவை கறுப்பு ஜன்னலில் வரிகள் சரசரவென்று ஓடி, நின்றன. பிரவுசரை மூடித் திறந்தாள். மேல் மூலையில் ஒரு சின்னப் பேனா படம் வந்து உட்கார்ந்திருந்தது. பிளகின் ஏறிவிட்டது! அக்கா அந்தப் பேனாவைத் திரையின் மேலேயே விரலால் தொட்டுப் பார்த்தாள். எண்ணெய்க் கறை பட்டது.

படிவத்தைத் திறந்தாள். சிவப்பு எழுத்தில் ஒரு பலகை விழுந்தது.

உங்கள் கணினி ஏற்கப்படவில்லை.

மறுபடி திறந்தாள். ஏற்கப்படவில்லை. பிளகின் இருக்கிறது, பேனா இருக்கிறது, எழுத ஆள் இருக்கிறாள், ஆனால் ஏற்கப்படவில்லை. அதே சிவப்பு. விடை சரி, வழி புத்தகத்தில் இல்லை. மூடித் திறந்து, மூடித் திறந்து மணி நான்கு பத்து ஆயிற்று. அக்காவின் கண்ணில் தண்ணீர் முட்டியது. அது கோபத் தண்ணீர்தான் என்று கேட்பவர்களிடம் சொல்லிக்கொள்ளலாம்.

பள்ளிக்கூடம் விட்டுக் கொழுந்தனாரே கூப்பிட்டார். கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"பிளகின் நல்லாதான் இருக்கு அண்ணி. அந்தத் தளம் அதைப் பாக்கவே இல்லை. பிரவுசர் ஒவ்வொரு இடத்துக்கும் போறப்ப ஒரு சீட்டு நீட்டும், 'நான் இன்னார், இந்த சிஸ்டத்துல இருந்து வரேன்'னு. இவங்க வாசல்லயே அந்தச் சீட்டைப் பாத்துட்டுத் திருப்பி அனுப்பறாங்க. உள்ள என்ன இருக்குன்னு யாரும் பாக்கறதில்லை."

அக்கா நிமிர்ந்தாள். "சட்டைக் காலர்ல லேபிள் இருக்கற மாதிரியா?"

"ம்... ஆமா. கிட்டத்தட்ட."

"சட்டையை அளந்து பாக்க மாட்டாங்க, லேபிளை மட்டும் படிப்பாங்க?"

"ஆமா அண்ணி."

"அந்த லேபிளை மாத்தித் தைக்க முடியுமா?"

கொழுந்தனார் தயங்கினார். "முடியும். அமைப்புல ஒரு இடம் இருக்கு. ஆனா அது பொய் சொல்ற மாதிரி ஆயிடாதா?"

"எது பொய்? கையெழுத்து என்னோடது. வீடு என்னோடது. அண்ணன் என் அண்ணன். வங்கி அம்மா முப்பத்தாறுன்னு போட்டுக்கிட்டு வேலைக்குப் போறாங்களே, கணக்கு தப்பாவா பாக்கறாங்க? லேபிளை மட்டும் படிக்கறவனுக்கு லேபிளைக் குடு. சொல்லுங்க, எங்க மாத்தணும்?"

சொன்னார். பத்து நிமிடம் ஆனது. பென்குயின் கழுத்தில் பணக்காரச் சிஸ்டத்தின் லேபிள் ஏறியது. படிவத்தைத் திறந்தாள். வருக என்றது. அப்படியே கதவைத் திறந்து, வழியில் ஒரு கேள்வியும் கேட்காமல் உள்ளே விட்டது.

"த்தூ" என்றாள் அக்கா, திரையில் படாமல்.

ஆட்சேபணை எழுத ஐந்நூறு எழுத்துக்குத்தான் இடம். முதல் நாள் எழுதிக் கிழித்ததெல்லாம் அதில் அடங்காது. அதனால் இவ்வளவுதான் எழுதினாள்: 'என் அண்ணன் ஊன்றுகோலில் நடப்பவர். பழைய நிறுத்தம் நாற்பத்தோரு அடி. புதியது அறுநூறு மீட்டர், ஏற்றம். முடியும் என்று அவர் சொல்வார். முடியாது என்று அவர் சட்டை சொல்கிறது. படம் இணைத்திருக்கிறேன்.'

ஆதாரம் என்ற இடத்தில், அந்தச் சட்டையின் கக்கத்தை உள்பக்கம் திருப்பி, பக்கத்தில் அளவு நாடாவை வைத்து எடுத்த படத்தைச் சேர்த்தாள். நான்கு ஐம்பத்து மூன்றுக்கு அனுப்பினாள். பேனா படம் ஒரு சுற்றுச் சுற்றியது. பச்சையில் வந்தது: பெறப்பட்டது. ஆட்சேபணை எண் 1.

ஒன்று என்றதும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பிறகுதான் உறைத்தது. முப்பது நாள் முடிய ஏழு நிமிடம் இருக்கிறது, இப்போதுதான் ஒன்றா? கைக்குழந்தைக்காரி, ஊதுபத்தி வியாபாரி, முழங்கால் கட்டுப் பெரியவர், மற்றவர்கள்? அத்தனை பேரும் வாசலிலேயே திரும்பிப் போனவர்கள். அவளும் திரும்பியிருந்தால், நாளைக்கு ஏட்டில் 'பொதுமக்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று எழுதியிருப்பார்கள். அக்கா எழுந்து போய் மிஷினில் உட்கார்ந்தாள். அன்று மிதித்த மிதியில் ஒரு போர்வையின் நான்கு ஓரமும் ஒரே மூச்சில் முடிந்தது.

விதி என்று ஒன்று இருந்தது. ஒரே ஒரு ஆட்சேபணை வந்தாலும் அதிகாரி நேரில் வந்து பார்த்தாக வேண்டும். மூன்றாம் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடையும் கோப்புமாக ஒருவர் வந்தார். பார்த்தவுடன் சண்டை போட அக்கா நான்கு நாளாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். அவரோ நல்ல மனிதராகத் தெரிந்தார். அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"இந்தப் படம்தான் புரியல" என்று கோப்பைத் திறந்து காட்டினார். "ஏதோ துணி, நாடா..."

அண்ணன் எட்டிப் பார்த்தார். தன் சட்டை என்று தெரிந்துவிட்டது. கை தானாக வலது கக்கத்துக்குப் போயிற்று.

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?" என்றார் மெதுவாக.

"துவைக்கறவளுக்குத் தெரியாம ரத்தம் சிந்தலாம்னு பாத்தியா? அஞ்சரை மணிக்குத் திருட்டுத்தனமா!"

"நீ வருத்தப்படுவேன்னு..."

"வருத்தமா? எனக்கு வருத்தமே வராது. கோவம்தான் வரும். உனக்கும் சேத்து நான்தான் கோவப்பட வேண்டியிருக்கு."

அண்ணன் சிரித்தார். அதிகாரி எங்கே பார்ப்பது என்று தெரியாமல் குடையை விரித்தார், மடக்கினார். பிறகு, "ஒரு தடவை நடந்து பாத்துடலாமா சார்?" என்று அண்ணனையே கேட்டார். அண்ணன் நடந்தார். அதிகாரி கூடவே நடந்தார். அக்கா பின்னால் போனாள். ஏற்றத்தின் பாதியில் அண்ணன் ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அதிகாரி தானும் மூச்சு வாங்குவது போல நின்றுகொண்டார். கோப்பில் என்னவோ எழுதினார். மேலே வரை போகவில்லை. "போதும் சார், திரும்பிடலாம்" என்றார்.

போகும்போது அக்கா அவரை விடவில்லை. "கவுன்டர்லேருந்து பத்துப் பேர் திரும்பிப் போனாங்க, என் கண்ணால பாத்தேன். அவங்க கணக்கு எந்தக் கோப்புல இருக்கு?" அவர் மறுபடி கோப்பைத் திறந்தார். அதையும் எழுதிக்கொண்டார்.

பத்து நாள் கழித்துக் கம்பத்தில் புதுத் தாள். நிறுத்தம் இங்கேயே இருக்கும் என்று இருந்தது. மைதா பசை போட்டு, கோணலாக ஒட்டியிருந்தார்கள். தெருவே பார்த்துச் சந்தோஷப்பட்டது. பிளம்பர் கைதட்டினார். அக்கா மட்டும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நான் சொல்றதுக்கு பிளகின் வேணும், பேனா வேணும், லேபிள் வேணும். இவங்க சொல்றதுக்குப் பசை போதுமா? இவங்கதான் ஒட்டினாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஆட்சேபணை எண் ரெண்டு" என்றார் அண்ணன். "போட்டுடு."

"போடத்தான் போறேன். இந்தத் தடவை பென்குயின் லேபிளோடயே போடுவேன். வாங்கறாங்களா இல்லையான்னு பாக்கறேன்."

சொல்லிக்கொண்டே, ஈரம் காய்வதற்குள் தாளின் மேல் விளிம்பைப் பிடித்து இழுத்து நேராக்கினாள். கோணல் தையலைப் பார்த்தால் அவளால் தாங்க முடியாது. அண்ணன் ஊன்றுகோலைச் சரிசெய்துகொண்டார். அன்று காலைதான் இரட்டைத் துணிக்குப் பதில் மூன்று துணி வைத்துத் தைத்துக் கொடுத்திருந்தாள், பழைய போர்வையின் மெத்தென்ற துண்டு.

"கூச்சமா இருக்கு, கக்கத்துல பூனைக்குட்டி இருக்கற மாதிரி" என்றார் அவர்.

"இருக்கட்டும். பஸ் வருது பாரு."

மணி ஏழு நாற்பத்தாறு. பஸ்தான் தாமதம்.